ஏற்காட்டிலிருந்து பரங்கிமலைக்கு: சொல்லப்படுவதும் நடப்பதும்

"மலைப் பசங்க, மூச்சு வாங்காம ஓடுவாங்க. மிலிட்டரில அப்படியே அள்ளிக்குவாங்க."

ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களில் பட்டாளப் பேச்சு எழுந்தால் முதலில் வருவது இதுதான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டத்து ஏற்றங்களில் வளர்ந்த பையனுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பெரிய காரியமில்லை என்பது சரிதான். ஆனால் அந்த ஓட்டம் சிப்பாய்களுக்கான ஆள்சேர்ப்பு முகாமில் வைக்கப்படுவது. அதிகாரி தேர்வில் அப்படி ஓட்டப் பந்தயம் கிடையாது. இரண்டுக்கும் வாசலே வேறு. இது தெரியாமல், சேலத்தில் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகளும் ராணுவம் என்றால் முகாமில் போய் நிற்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"என்.சி.சி.ல சேந்தா சண்டைக்கு அனுப்பிடுவாங்க."

அனுப்ப மாட்டார்கள். 1948-ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டத்திலேயே, படையில் உறுப்பினராக இருப்பதால் யாருக்கும் ராணுவப் பணிக் கடமை வராது என்று எழுதியிருக்கிறது. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் மறுபடி விருப்பத்துக்கு விட்டார்கள். அம்மாக்கள் நிம்மதியாக இருக்கலாம்.

"சி சர்டிபிகேட் இருந்தா நேரா ஆபீசர்."

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். என்.சி.சி.யின் சி சான்றிதழை பி கிரேடுக்குக் குறையாமல் வாங்கி, பட்டப்படிப்பில் 50 விழுக்காடும் 19 முதல் 25-க்குள் வயதும் இருந்தால், தரைப்படையின் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் கிடைக்கும் சலுகை ஒன்றே ஒன்று: எழுத்துத் தேர்வு இல்லை. அதன்பின் எஸ்.எஸ்.பி. நேர்காணலில் எல்லாரோடும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். பெங்களூரு, போபால் போன்ற மையங்களில் ஐந்து நாள் நடக்கும் அந்தத் தேர்வில் உங்கள் பெயரை மறந்துவிடுவார்கள்; மார்பில் கட்டிய எண்தான் நீங்கள். முதல் நாளே மங்கலான ஒரு படத்தைச் சில விநாடி காட்டி, அதை வைத்துக் கதை எழுதச் சொல்வார்கள். தேறாதவர்கள் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். தேறியவர்களை உளவியலாளர் ஒருவர், குழுப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர், நேர்காணல் செய்பவர் ஒருவர் என மூன்று பேர் தனித்தனியாக எடைபோட்டுக் கடைசி நாளில் கூடிப் பேசுவார்கள். அதையும் தாண்டினால் மருத்துவப் பரிசோதனை, பிறகு தரவரிசைப் பட்டியல். இந்த வழியில் ஒரு பயிற்சித் தொகுதிக்கு இருப்பது சில பத்து இடங்கள்.

"காலேஜ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

என் பார்வையில் மலைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு நழுவுவது இங்கேதான். உடல் வலுவிலோ அறிவிலோ அல்ல. என்.சி.சி.யில் பி சான்றிதழ் பெற்று மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் இருப்பவருக்குத்தான் சி தேர்வு. மூன்றாண்டுப் பட்டம் படிப்பவர் முதல் ஆண்டில் சேரத் தவறினால் கணக்கு உதைக்கும். பரேடு நாளில் சேலம் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நேரத்துக்கு மைதானத்தில் நிற்பது லேசில்லை என்பதும் உண்மை. விடுதி கிடைத்தால் எடுத்துக்கொள்வது நல்லது.

என்.சி.சி.யைத் தவறவிட்டவர்களுக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம். சென்னை பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கு மட்டும் என்றால் ஆங்கிலமும் பொது அறிவும்தான் தாள்கள், தலா 100 மதிப்பெண். கணக்குத் தாள் இல்லை. கலைக் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"அதெல்லாம் மான்ட்ஃபோர்ட் மாதிரி இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு."

'அமரன்' படம் வந்த பிறகு, அதன் நாயகன் மேஜர் முகுந்த் வரதராஜனைத் தெரியாதவர்கள் இல்லை. ராணுவ அதிகாரியான அவர் வாங்கியதும் வணிகவியல் பட்டம்தான். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குழு விவாதம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தடுமாறினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் ஆங்கிலம் போதும், அதை மூன்று வருடத்தில் பழகிக்கொள்ளலாம். இந்தி? பரேடில் 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தாயினே முட்' என்று கத்துவதைக் காதால் கேட்டு, பக்கத்துப் பையன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துத்தான் தமிழ்நாட்டு கேடட்கள் எல்லாரும் கற்றார்கள். இரண்டு வாரத்தில் கால் தானாகத் திரும்பும்.

பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதும் பழங்கதை. பரங்கிமலையில் 1992 முதலே அவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். நிரந்தரப் பணிக்கான கதவை 2020-இல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது.

பணம் கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் தரகர். பயிற்சி இலவசம் என்பதோடு, பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

கடைசியாக, "எஸ்.டி. சர்டிபிகேட் இருக்கு, சீட் உறுதி" என்ற பேச்சு. சேலம் மாவட்டத்தில் மலையாளி சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் வரும் நம்பிக்கை இது. ராணுவ அதிகாரி தேர்வில் சாதி ஒதுக்கீடு கிடையாது. அந்தச் சான்றிதழால் மிச்சமாவது சி.டி.எஸ். விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய்.