ஒழுகும் இஸ்தோப்புக்குப் புதுத் தகரம்

மழை வந்தால் உங்கள் இஸ்தோப்பில் எத்தனை சட்டி வைக்கிறீர்கள்? பிள்ளையின் புத்தகப் பையை எந்த மூலைக்கு நகர்த்துகிறீர்கள்?

பல லயங்களில் இஸ்தோப்பையும் பின்பக்கக் குசினியையும் நாமே பிறகு இறக்கிக் கட்டினோம். உயரம் போதாமல் கூரையைத் தட்டையாகப் போட்டுவிட்டோம். ஒழுகுவதற்கு முதல் காரணம் அதுதான். தாரும் சாக்கும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். மேலே கல்லும் பழைய டயரும் ஏற்றினால் தகரம் வளையும்; குழியில் தண்ணீர் தேங்கும்; துரு சீக்கிரம் பிடிக்கும். ஆகவே தகரத்தை மட்டும் மாற்றினால் போதாது, சாய்வையும் சரி செய்ய வேண்டும்.

ஏறுவதற்கு முன்

தோட்டத்து ஆபீசிலும் பக்கத்துக் காம்பிராவிலும் சொல்லிவிடுங்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஈரத் தகரத்தில் ஏறவே கூடாது. தனியாளாக ஏறாதீர்கள், ஏணியை ஒருவர் பிடிக்கட்டும். துருப்பிடித்த தகரம் ஆளைத் தாங்காது. சட்டத்துக்கு மேலே பலகை போட்டு அதில் நில்லுங்கள். கூரை ஒழுகினால் சட்டி வைக்கலாம், இடுப்பு முறிந்தால் என்ன செய்வது?

பழையது அஸ்பெஸ்டஸ் தகடா? அதை உடைக்காதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, கீழே நின்றபடி முழுசாகக் கழற்றி இறக்குங்கள்.

வேலை முறை

1. உளுத்த சட்டங்களை முதலில் மாற்றுங்கள்.

2. ஓர் அடிக்கு 2 அங்குலம் சாய்வு வையுங்கள். 8 அடி அகல இஸ்தோப்புக்குச் சுவர்ப்பக்கம் 16 அங்குலம் உயர வேண்டும். அவ்வளவு இடமில்லையா? குறுக்கே மூட்டு வராதபடி ஒரே நீளத் தகரமாக வாங்குங்கள்.

3. மழைக்காற்று வரும் பக்கத்துக்கு எதிர்முனையில் தொடங்கி, காற்றை நோக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பெருமழை தென்மேற்கிலிருந்து வரும். பதுளைப் பக்கம் வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மூட்டுக்குள் காற்று தண்ணீரைத் தள்ளாது.

4. பக்கத்துத் தகரத்தின் மேல் இரண்டு மேடு ஏறட்டும். மேல்-கீழ் மூட்டு இருந்தால் 9 அங்குலம் ஏறட்டும்.

5. ஆணியை மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே இறங்கும். ரப்பர் வாஷர் கட்டாயம். தகரம் நசுங்குமளவு அடிக்காதீர்கள்.

6. கூரை சுவரைத் தொடும் இடத்தை மறக்கவேண்டாம். சுவரில் ஒரு காடி வெட்டி, மடித்த தட்டைத் தகரத்தைச் செருகி, சிமெந்து பூசுங்கள்.

முடிந்ததும் இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே நின்று பாருங்கள். மழை வந்து காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஹட்டன் பக்கத்தாருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளைப் பக்கத்தாருக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கழற்றிய தகரம் விறகை மூட உதவும். புதுக்கூரையில் அதை ஒட்டுப்போடாதீர்கள்.