மழையை நம்பிப் படை வகுத்தல்

போக்கிமான் என்னும் ஆட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சிப் படமாகவே அறிவோம். சிறுவர் விளையாட்டு என்று அதைத் தள்ளிவிடுவோரும் உளர். ஆனால், அதில் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கு ஆறு உயிர்களைக் கொண்டு பொருதும் போட்டி ஆட்டம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அதற்கு உலகப் போட்டியே நடைபெறுகிறது. நம் விடுதியில் முதலாண்டு மாணவர் சிலர் அதைப் பழகத் தொடங்கி, நான்கு ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றதும், "இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம் அண்ணா" என்று கைவிடப் பார்க்கிறார்கள். அஃது அதிர்ஷ்டம் அன்று, கணக்கு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு மழைப்படையை எடுத்துக்கொள்கிறேன்.

மழையை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். நான் உதியன்குளங்கரைக்காரன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் ஊர் எங்களுடையது. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்களுக்கு மழை இரண்டு. வைகாசி கழியும்போது வரும் இடவப்பாதி ஒன்று. ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடியோடு வரும் துலாவர்ஷம் மற்றொன்று. மரச்சீனியும் வாழையும் இவற்றைக் கணக்கிட்டே நடப்படுகின்றன. மழையை எதிர்பார்த்து வேலை செய்வது எப்படி என்பதும், எதிர்பார்த்த மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதும் எங்கள் ஊரில் யாரும் பள்ளிக்குப் போய்க் கற்பதில்லை. (மழை பெய்தால் கரண்டு போய்விடும், ஆதலால் மழைப்படையை வைத்து ஆட, வெயில் அடிக்கும் நாளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.)

இனி ஆட்டத்திற்கு வருவோம். முதல் போக்கிமான் ஆட்டம் 1996இல் ஜப்பானில் வெளிவந்தபோது அதில் வானிலை கிடையாது. 1999இல் வந்த கோல்டு, சில்வர் ஆட்டங்களில்தான் மழை, வெயில், மணற்புயல் மூன்றும் புகுந்தன. அப்போது ஒரு சுற்றைச் செலவிட்டு மழையை அழைக்க வேண்டும். அது ஐந்து சுற்று நிற்கும். 2002இல் ரூபி, சஃபையர் ஆட்டங்கள் ஒரு புதுமையைக் கொண்டுவந்தன. கயோகர் என்னும் கடலுயிர் களத்தில் இறங்கிய அளவிலேயே மழை பெய்யும்; குரவுடன் இறங்கினால் வெயில் காயும். அந்த மழைக்கு முடிவே கிடையாது. வேறு வானிலை வந்து மாற்றினால்தான் உண்டு. கயோகர் அரிய உயிர் ஆதலால் பெரும்பாலான போட்டிகளில் அதற்கு இடமில்லை. 2010இல் வந்த ஆட்டங்களுக்குப் பின் பொலிடோட் என்ற எளிய தவளைக்கும் அவ்வியல்பு கிடைத்தது. அவ்வளவுதான், எங்கு பார்த்தாலும் மழை! ஸ்மோகன் என்னும் ஆட்டக் குழுவினர், முடிவில்லா மழையை வருவிக்கும் உயிரையும் மழையில் வேகம் இரட்டிக்கும் உயிரையும் ஒரே படையில் சேர்க்கக் கூடாது என்று 2011இல் விதியே செய்ய நேர்ந்தது. 2013இல் ஆட்டத்தை ஆக்கியோரே அதைத் திருத்தினர். அன்று முதல், இறங்கியதும் பெய்யும் மழைக்கும் ஐந்து சுற்றுகளே; ஈரக்கல் என்னும் கைப்பொருளை வைத்திருந்தால் எட்டு.

இந்த 'ஐந்து' என்னும் எண்ணை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். மழைப்படையின் வாழ்வும் சாவும் அதில்தான்.

மழை என்ன செய்யும்? நீர்த்தாக்குகளின் வலிமை ஒன்றரை மடங்காகும், நெருப்புத்தாக்கு பாதியாகும். குறி தவறக்கூடிய இடித்தாக்கும் சூறாவளித்தாக்கும் மழையில் தவறவே மாட்டா. இடிக்கு மற்ற நேரத்தில் நூற்றுக்கு எழுபதுதான் குறி. கடும் வெயிலில் ஐம்பது. துலாவர்ஷத்து இடியைக் கண்ட எவரும் இந்த விதியை எழுதியவரை மெச்சுவர். இவற்றினும் பெரிது வேகம். 'விரைநீச்சல்' என்னும் இயல்புடைய உயிர்களின் வேகம் மழையில் இரு மடங்காகும்.

கணக்கைப் பாருங்கள். ஓர் உயிர் தன் வகைக்குரிய தாக்கை வீசினால் ஒன்றரை மடங்கு. மழைக்கு மேலும் ஒன்றரை. எதிரி நீருக்கு அஞ்சும் வகையானால் இரண்டு. மூன்றையும் பெருக்கினால் நாலரை மடங்கு! இணைப்போரில் ஒரே தாக்கு எதிரிகள் இருவர் மேலும் பரவினால் முக்கால் பங்காகக் குறையும்; குறைந்தும் மூன்றேகாலுக்கு மேல் நிற்கும். வேகத்தையும் பாருங்கள். லுடிகோலோ சோம்பேறி போலத் தோன்றும் உயிர். ஐம்பதாம் படியில், வேகத்திற்கே முழுப் பயிற்சி தந்தாலும் 134தான் வரும். அதே பயிற்சி பெற்ற டிராகபல்ட் என்னும் விரைவுப் பூதத்திற்கோ 213. மழை வந்தால் லுடிகோலோ 268 ஆகிவிடுகிறது. இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

படை வகுக்கும்போது புதியவர் செய்யும் முதல் வேலை ஆறையும் நீர்வகையாக நிரப்புவது. ஒரு தம்பி என்னிடம், "ஆறும் தண்ணியா இருந்தா மழையிலே நல்லதுதானே அண்ணா?" என்றே கேட்டான். நல்லதன்று. எதிரியிடம் காஸ்ட்ரோடான் என்ற கடல்நத்தை ஒன்று இருந்தால் போதும். தன் பக்கம் வரும் நீர்த்தாக்கையெல்லாம் தானே இழுத்துக் குடித்து, அடிபடாததோடு வலிமையும் பெற்றுவிடும். ஆறு பேரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

என் கருத்தில், மழைப்படையில் மழைக்கு உழைப்போர் மூவர் போதும். மழையைக் கொண்டுவரும் பெலிப்பர் ஒன்று. 2016 முதல் இந்த நாரைக்கு அவ்வியல்பு உண்டு. விரைநீச்சல் உடைய லுடிகோலோ அல்லது கிங்ட்ரா ஒன்று. மூன்றாவது நீர்வகையாக இல்லாமல், ஆனால் மழையால் பயன் பெறுவதாக இருக்க வேண்டும். 2023 இறுதியில் வந்த ஆர்ச்சலுடான் இதற்கென்றே பிறந்தது போன்றது. அதன் மின்தாக்கு ஒன்று, மற்ற நேரத்தில் ஒரு சுற்று காத்திருந்தே பாயும். மழையில் உடனே பாயும். பாயுமுன் தன் வலிமையையும் கூட்டிக்கொள்ளும். மழையின் மறைமுக உதவியையும் மறக்கலாகாது. சைசர் என்னும் இரும்புப் பூச்சிக்கு நெருப்பு நான்கு மடங்கு துன்பம். மழையில் அஃது இரண்டாகிறது. குடை பிடிப்பது போலத்தான்.

மற்ற மூவரும் மழை இல்லாமலே நின்று ஆடக் கூடியவராக இருக்கட்டும். இணைப்போரில் ஆறு பேரைக் காட்டி நால்வரையே களத்துக்குக் கொண்டுபோகிறோம். எதிரியின் ஆறில் மழைக்கு மாற்று இருப்பதைக் கண்டால், பெலிப்பரையே வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் நம்மால் முடிய வேண்டும். குறிப்பாக, வேக வரிசையைத் தலைகீழாக்கும் மாய அறையை எதிரி எழுப்பினால் விரைநீச்சலே நமக்குப் பகையாகும். 268 உடையவன் கடைசியில் அடிப்பான். அதைத் தடுக்கவோ, மெதுவாக ஆடிப் பொறுக்கவோ ஒருவன் படையில் இருந்தே ஆக வேண்டும்.

2016இல் சான் பிரான்சிஸ்கோவில் உலகப் பட்டம் வென்ற வுல்ஃப் கிளிக் என்ற அமெரிக்கரின் படையை இங்கே நினைக்கலாம். அவர் கயோகரையும் ரேக்வாசாவையும் ஒரே படையில் வைத்திருந்தார். ஒன்று பெருமழை தருவது. மற்றது எந்த வானிலையையும் செயலற்றதாக்குவது! முரண்பாடு போலத் தோன்றும். மழை தனக்கு உதவும்போது வைத்துக்கொள்ளவும், பிறர் வெயில் தமக்கு உதவும்போது அழிக்கவும் இரு கையும் அவரிடம் இருந்தன. திருக்குறளில் காலமறிதல் 49ஆம் அதிகாரம், இடனறிதல் 50ஆம் அதிகாரம். உரிய காலம் வரும்வரை காத்திருப்பது அரசர்க்கு வழி. இந்த ஆட்டத்திலோ காலத்தை நாமே உண்டாக்கலாம், எதிரியும் உண்டாக்குவான். ஆகவே இரண்டு வானங்களுக்கிடையில் போர்.

அப்போரில் ஒரு நுட்பம் உண்டு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் வானிலை உயிர்கள் இறங்கினால், விரைவானது முதலில் வானத்தை மாற்றும்; மெதுவானது பின்னர் மாற்றும். பின்னது நிலைக்கும்! பெலிப்பரின் அடிப்படை வேகம் 65. வெயில் தரும் டார்கோல் என்ற ஆமைக்கோ 20. எனவே முதற்சுற்றில் இரண்டும் எதிர்ப்பட்டால் வெயிலே வெல்லும். டார்கோலும், வெயிலில் வேகம் இரட்டிக்கும் வீனுசாரும் சேர்ந்து இறங்குவது வழக்கமான ஓர் இணை. வீனுசாரின் 145 வெயிலில் 290 ஆகிவிடும். இதைக் கண்டு கலங்கித்தான் நம் தம்பிமார் தோற்கிறார்கள்.

பெலிப்பரை முன்னே நிறுத்தாதீர்கள். லுடிகோலோவையும் வேறொருவனையும் இறக்குங்கள். வெயில் காயட்டும். முதற்சுற்றில் லுடிகோலோ 'பாவனை அடி'யால் ஆமையைத் திடுக்கிடச் செய்து ஒரு சுற்றை விழுங்கட்டும். வீனுசார் தூக்கப்பொடி தூவினால் புல்வகையான லுடிகோலோவைப் பொடி தீண்டாது. இரண்டாம் சுற்றில் மற்றவனை அழைத்துக்கொண்டு பெலிப்பரை இறக்குங்கள். மாற்றி இறக்குவது எல்லாத் தாக்குகளுக்கும் முன் நிகழும். உடனே மழை! 2019 முதல் வந்த ஆட்டங்களில் வேக மாற்றம் அந்தச் சுற்றிலேயே கணக்கில் வருகிறது. 290 மீண்டும் 145; நம் 134 இப்போது 268. ஆமையின் எரிமலைத்தாக்கு பாதி வலிமையில், அதுவும் நீரும் சிறகும் உடைய பெலிப்பர் மேல் விழும், இறக்குமதி பாதுகாப்பானது. லுடிகோலோவின் நீர்த்தாக்கு அதற்குமுன்னே ஆமை மேல் நாலரை மடங்காக இறங்கும். ஆமை கேடயத்துள் ஒடுங்கினால் அந்தச் சுற்று வீண்தான். ஆனால் அடுத்த சுற்றும் மழை நம்முடையது. வெயிலை மீட்க ஆமை வெளியே போய்த் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு சுற்று.

பெலிப்பரின் கையில் என்ன கொடுப்பது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஈரக்கல்லே நல்லது என்பர் சிலர். தனிப்போரில் அது சரி. இணைப்போர் விரைவில் முடிவதால், முழு நலத்தில் இருக்கும்போது விழும் ஒரே சாவடியைத் தாங்கும் கச்சையையே நான் கொடுப்பேன். மின்னல் அதற்கு நான்கு மடங்கு பகை அல்லவா? உயிரோடிருந்தால் வெளியே போய்த் திரும்பி வந்து இன்னோர் ஐந்து சுற்று மழை தரலாம்; செத்த நாரையின் கல்லால் பயனில்லை.

ஷோடவுன் என்ற இலவசக் களத்தில், கருவி எதுவும் வாங்காமல், கைப்பேசியிலேயே இவற்றைப் பழகலாம். பழகும்போது ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு விரலை மடக்குங்கள். நான்கு விரல் மடங்கும்போது பெலிப்பர் களத்திற்கு வெளியே, மீண்டும் இறங்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.