மாநிலத்துக்கு மூன்று கேள்விகள்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் மத்திய அரசு, மாநில அரசு இரண்டும் அடுத்தடுத்த பாடங்கள். இரண்டையும் படித்து முடித்த பிறகும், எந்த வேலை எந்த அரசுடையது என்பது பல மாணவர்களுக்குப் பிடிபடுவதில்லை. இதில் எனக்குக் கைகொடுத்தது ஜெர்மனியின் குடியுரிமைத் தேர்வு. டார்ட்முண்ட் நகரில் வேலை பார்க்கும் என் தங்கை அதற்குப் படித்தபோது, வினாக்களைத் தமிழாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

2008 முதல் நடக்கும் தேர்வு இது. 33 வினாக்கள், 60 நிமிடம், 17 சரியாக இருந்தால் தேர்ச்சி. வினா வங்கியை யாரும் பார்க்கலாம். பொது வினாக்கள் 300; 16 மாநிலங்களுக்கும் தலா 10. தேர்வில் 30 வினாக்கள் பொதுவானவை. மீதி மூன்றும் தேர்வர் வசிக்கும் மாநிலத்தைப் பற்றியவை.

தங்கைக்கு வாய்த்தது வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா. கொடி, சின்னம், தலைநகர் டுசல்டோர்ஃப் ஆகியவற்றுக்கு மனப்பாடம் போதும். என்னை நிறுத்தியவை வேறு இரண்டு. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் வயது என்ன? அங்கே 16, பவேரியாவில் 18. இம்மாநில அரசில் இல்லாத அமைச்சர் யார்? வெளியுறவு அமைச்சர். இதற்கு விடை எழுத அதிகாரப் பகிர்வு தெரிந்திருக்க வேண்டும்.

என் வகுப்பில் ஐந்து குழுக்களாக, தமிழ்நாட்டைப் பற்றிப் பத்துப் பத்து வினாக்கள் எழுதச் சொன்னேன். முதல் நாள் வந்ததெல்லாம் வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனைமரம். பொது அறிவுப் புத்தகங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. மறுநாள் ஜெர்மன் வினாவைக் கரும்பலகையில் எழுதி, "இதே மாதிரி நமக்கு ஒன்று" என்றேன். ஒரு குழு எழுதியது: 'தமிழ்நாடு அரசில் எந்தத் துறைக்கு அமைச்சர் இருக்க முடியாது? வேளாண்மை, போக்குவரத்து, ரயில்வே, பள்ளிக் கல்வி.' உடனே ஒரு சண்டை. "பஸ்ஸுக்கு நம்ம அமைச்சர், ரயிலுக்கு மட்டும் ஏன் டெல்லி?" ஏழாவது அட்டவணையை நான் விளக்கத் தொடங்க வேண்டியிருக்கவில்லை, அவர்களே புத்தகத்தைப் புரட்டினார்கள். கல்வி 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனதும் அப்போதுதான் பேச்சில் வந்தது.

ஒரு மாணவி வேறு பக்கம் போனாள். "டீச்சர், உங்க தங்கச்சி பாஸ் பண்ணி அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிட்டா, இந்தியாக்காரங்க இல்லையா?" 2024 ஜூன் முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் நம் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். சொன்னதும் வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. தங்கையும் அந்த முடிவை எடுக்க இரண்டு வருடம் யோசித்தாள்.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: தவறான விடைகளையும் மாணவர்களே எழுதட்டும். நம்பும்படியான தவறான விடை எழுதப் பாடத்தை இன்னும் ஆழமாகப் படித்தாக வேண்டும். இரண்டு பாடவேளை போதும்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பையன் ஒருவன் அந்த வகுப்பில் இருக்கிறான். "நான் எந்த மாநிலத்துக்கு எழுதணும் சார்?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேட்டிருக்கிறான். ஜெர்மனியில் பிறந்த இடம் கணக்கில்லை, வசிக்கும் இடம்தான் என்றேன். தமிழ்நாட்டுக்குப் பத்தும் எழுதிவிட்டு, பதினொன்றாவதாக ஒன்று சேர்த்திருந்தான்: 'பீகாரில் உண்டு, தமிழ்நாட்டில் 1986-இல் கலைக்கப்பட்டது. அது எது?' சட்ட மேலவை என்று அன்று வகுப்பில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது.