ஊரைப் படிக்கும் கல்வி

கடந்த மழைக்காலத்தில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. அவள் வீட்டினுள் முழங்கால் அளவு தண்ணீர். பாடப் புத்தகங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. "எங்கள் தெரு முன்பு ஏரியாக இருந்ததாம், பாட்டி சொல்கிறார்" என்றாள். ஏரியில் வீடு கட்டலாம் என்று முடிவு செய்தவர் யார்? அதற்குமுன் அந்தப் பாட்டியை ஒருவராவது கேட்டிருப்பாரா? இதைப் புவியியல் வகுப்பில் கேட்டோம். "இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு உண்டு, தேடிப் பாருங்கள்" என்றார் சிஸ்டர். தேடி அறிந்ததைத் தோழியருடன் பகிர்ந்துகொள்கிறோம்.

நகர் மற்றும் வட்டாரத் திட்டமிடல் என்பது அப்படிப்பின் பெயர். கட்டடக் கலைஞர் ஒரு வீட்டை வரைகிறார். திட்டமிடுபவரோ வீடுகள் எங்கே, தொழிற்சாலை எங்கே, சாலை எவ்வழி, மழைநீர் எங்கே போகும் என்று ஊர் முழுவதையும் பார்க்கிறார். ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்கள், ஆறுகள், குளங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே வட்டாரத் திட்டமிடல். மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் அந்நீர் பள்ளத்திலுள்ள ஊருக்குத்தானே வரும்?

1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது. நம் நாட்டில் 1955-இல் டெல்லியில் ஒரு கல்விக்கூடம் தோன்றியது. இன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பாட்ரிக் கெடிஸ். 1914-இல் அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன் கப்பல் மூழ்கடித்தது. அவர் மனம் தளரவில்லை. வேறு படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நோயை அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. அதுபோல் ஊரை ஆராயாமல் திட்டம் தீட்டலாகாது என்பதே அவர் கொள்கை. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க வேண்டாம், மீனும் வாத்தும் வளர்த்தால் அவை கொசுப் புழுக்களைத் தின்றுவிடும் என்றார். அந்த அறிவுரையை எல்லா ஊர்களும் கேட்டிருந்தால் எங்கள் தோழியின் புத்தகங்கள் நனைந்திருக்குமா?

அவருடைய இந்திய அறிக்கைகளைத் தொகுத்து 1947-இல் நூலாக்கியவர் ஜாக்குலின் டிர்விட் என்னும் பெண்மணி. பின்னாளில் இவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். இது பெண்களுக்கு ஏற்ற துறையா என்று தயங்கும் பெற்றோருக்கு இதுவே விடை.

இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டுகள். மேல்நிலை வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். தேசியக் கல்வி நிறுவனங்களில் சேர நுழைவுத் தேர்வும் உண்டு. கட்டடக்கலை, கட்டடப் பொறியியல், புவியியல், பொருளியல் போன்றவற்றில் பட்டம் பெற்றவர்கள் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேரலாம். மக்கள்தொகை, போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல், சட்டம் ஆகியவை பாடங்கள். மாணவர்கள் ஓர் ஊருக்கே சென்று, வீடு வீடாக விசாரித்து, நிலவரைபடம் தயாரிக்கிறார்கள். அதில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, பூங்காவுக்குப் பச்சை என நிறம் தீட்டுவது வழக்கம்.

நாங்களும் ஒரு சனிக்கிழமை தோழியின் தெருவுக்குச் சென்றோம். பாட்டி கைகாட்டிய இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டோம். பழைய கரை ஓரிடம், மதகு ஓரிடம், வாய்க்கால் சென்ற வழியில் இப்போது ஒரு மதில் சுவர். அந்தப் படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. அது பிழையற்ற படம் அன்று. ஆயினும் தண்ணீர் ஏன் அத்தெருவுக்கு வந்தது என்பது எங்களுக்கு விளங்கிற்று.

அன்புத் தோழியரே! பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன படிப்பது என்று யோசிக்கும் வேளையில், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு இக்கல்வியையும் எண்ணிப் பாருங்கள். வேறு எதைப் படித்தாலும் சரி, உங்கள் தெரு முன்பு என்னவாக இருந்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.