பழைய மரத்தளத்தைப் புதுப்பித்தல்

இமயமலைப் பகுதியிலுள்ள வன ஓய்வில்லங்கள், பழைய பள்ளிக்கூடங்கள் முதலியவற்றில் தேவதாருப் பலகையாலான திறந்த தாழ்வாரங்களைக் காணலாம். வெயிலாலும் மழையாலும் காலடித் தேய்வாலும் இவற்றின் மேற்பூச்சு நாளடைவில் உரிந்து, பலகை சாம்பல் நிறமடைகின்றது. அது கண்டவுடன் உப்புத்தாளைக் கொண்டு தேய்க்கத் தொடங்குதல் பலரது வழக்கம். இது தவறாகும். பழைய பூச்சு இன்னதென அறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

காரணம் யாது?

முற்காலத்து நிறப்பூச்சுகளில் வெள்ளைக் காரீயம், செங்காரீயம் முதலிய காரீயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. வீட்டு உபயோகப் பூச்சுகளில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முந்திய நிறப்பூச்சு எதுவும் ஐயத்திற்குரியதே. உலர்ந்த பூச்சினைத் தேய்க்குங்கால் எழும் நுண்தூசி, தளத்தில் அமரும் குழந்தைகளின் கைவழியே வாயை அடைகின்றது. மிகச் சிறிய அளவும் அவர்தம் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும்.

எளிய சோதனைகள்

1. தளத்தின்மீது நீர்த்துளி ஒன்றை இடுக. விரைவில் ஊறிவிடின், அவ்விடத்தில் பூச்சுப் படலம் எஞ்சவில்லை எனலாம். முத்துப்போல் திரண்டு நிற்பின், படலமோ மெழுகோ எண்ணெயோ உள்ளது.

2. மறைவான மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் தேய்க்க. நிறமற்ற படலம் இளகிப் பிசுபிசுத்தால் அஃது அரக்குப் பூச்சு. நீரிற் கலந்து பூசும் நிறப்பூச்சும் ஸ்பிரிட்டில் இளகக்கூடும்.

3. ஸ்பிரிட்டில் இளகாது தின்னரில் கரைவது லாக்கர். இரண்டிற்கும் அசையாதது பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ், எண்ணெய் நிறப்பூச்சு அல்லது பாலியூரிதேன் ஆகும்.

இவ்விரு திரவங்களும் எளிதில் தீப்பற்றுவன, நெருப்பருகே பயன்படுத்தலாகாது. மேலும், இச்சோதனைகள் காரீயத்தைக் காட்டமாட்டா. அதற்குப் பூச்சின் செதில் ஒன்றை ஆய்வகத்திற்கு அனுப்புதல் வேண்டும். அது இயலாவிடின் காரீயம் உண்டென்றே கொண்டு செயற்படுக.

அகற்றும் முறை

குழந்தைகளையும் கருவுற்ற மகளிரையும் அவ்விடத்தினின்று விலக்குக. தளத்தை நீரால் நனைத்து, ஈரம் உலருமுன் சுரண்டுக. உலரத் தேய்த்தலும், தீயால் சுட்டு உரித்தலும் கூடா. நுண்தூசி புகாத முகக்கவசம் அணிக. சாதாரணத் துணி போதாது. செதில்களைத் தடித்த பையிலிட்டுக் கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைக்க, எரித்தலாகாது. துடைப்பத்தால் பெருக்காது ஈரத்துணியால் துடைக்க. வேலை உடைகளைத் தனியே துவைக்க.

புதிய பூச்சு

பலகை நன்கு உலர்ந்த பின்னரே பூசுதல் நலம். கெட்டிப்படலமாக அமையும் வார்னிஷ், மரம் சுருங்கி விரியுங்கால் வெடித்து உரியும். பின்னர் மீண்டும் சுரண்ட நேரும். மரத்தில் ஊறும் எண்ணெய்ப் பூச்சினை அடிக்கடி புதுப்பிக்க வேண்டுமாயினும், அதன் பொருட்டுச் சுரண்டத் தேவையில்லை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல் குவியலாகக் கிடப்பின் தானே சூடேறித் தீப்பற்றும். ஆதலின் அதனைத் திறந்த வெளியில் விரித்து உலர்த்துக.

இறுதியாக, பூசிய பொருளின் பெயரையும் நாளையும் கட்டடப் பதிவேட்டில் எழுதி வைக்க. அடுத்து அத்தளத்தைப் புதுப்பிக்க வருபவர்க்கு இக்குறிப்பே முதல் பாதுகாப்பாகும்.