லிங்கநகரில் ஓட்டோ பிடிக்க: எந்த நேரத்துக்கு எந்த வழி

கொழும்பிலிருந்து வரும் இரவு ரயிலில் மார்கழி மழைக்குள் இறங்கினேன். முதல் நாளே போனில் சொல்லிவைத்த ஓட்டோ திருகோணமலை ஸ்டேசன் வாசலில் நின்றது. பக்கத்துப் பொலித்தீன் திரையைக் கட்டிவிட்டு, என் பையைத் தன் சீற்றுக்குப் பின்னால் செருகினார் ஓட்டோக்காரத் தம்பி. லிங்கநகருக்குத் திரும்பும்போது கேட்டார்: “அண்ணா, பெங்களூர்ல ஓட்டோக்காரங்களே ஒரு செயலி வச்சிருக்காங்களாம். கொமிசனே இல்லையாம். அந்தக் கோட் சும்மா கிடைக்குமாம். நம்மட ஸ்டாண்டுக்கும் செய்யலாமா?”

அந்த மழைக்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். ஓட்டோ ஓட்டுபவருக்கும் அதில் ஏறுபவருக்கும் சேர்த்துத்தான்.

அவர் கேட்டது ‘நம்ம யாத்ரி’ பற்றி. 2022 நவம்பரில் பெங்களூரில் தொடங்கியது. அங்குள்ள ஓட்டோ சாரதிகள் சங்கம் முன்னின்றது. மென்பொருளை எழுதிக்கொடுத்தது ஜஸ்பே என்ற நிறுவனம். கோட் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், தங்கள் ஊரில் ஓட்டலாம். ஒவ்வொரு பயணத்திலும் கழிவு பிடிப்பதில்லை. 2023இல் நாளொன்றுக்கு 25 இந்திய ரூபா என்ற சந்தா முறை வந்தது. பெரிய நிறுவனங்கள் கூலியில் கால்பங்கு வரை பிடிக்கின்றன என்று குமுறிக்கொண்டிருந்த சாரதிகளுக்கு அது பெரிய விடுதலை. தம்பியின் ஆசை நியாயமானது.

ஆனால் அதே நம்ம யாத்ரியை நடத்தும் நிறுவனம் 2024இல் 1 கோடி 10 இலட்சம் டொலர் முதலீடு பெற்றது; முதலிட்டவர்களில் கூகுளும் ஒன்று. கோட் இலவசம் என்றாலும் அதை நடத்த அவ்வளவு காசு தேவைப்படுகிறது. முறைப்பாட்டைக் கேட்கவும், சாரதியின் பத்திரங்களைச் சரிபார்க்கவும், இரவிலும் போனை எடுக்கவும் ஆட்கள் வேண்டும். கோட்டைத் தரவிறக்கினால் அந்த ஆட்கள் கூட வரமாட்டார்கள்.

இப்போது நம் முன்னால் உள்ள வழிகள் மூன்று. தெரிந்த ஸ்டாண்ட் அண்ணனுக்குப் போன் எடுப்பது ஒன்று. பிக்மி, ஊபர் போன்ற நிறுவனச் செயலி இன்னொன்று. மூன்றாவது, சாரதிகளே சேர்ந்து நடத்தும் திறந்த மூலச் செயலி.

பாதுகாப்பில் ஸ்டாண்டின் பலம் முகம். உவர்மலையிலோ மட்கோவிலோ வளர்ந்த பிள்ளை டியூசன் முடிந்து வரும்போது, எந்த ஓட்டோவில் ஏறினாலும் அவள் யாருடைய மகள் என்று சாரதிக்குத் தெரியும். அந்தப் பாதுகாப்பு ஊர்க்காரருக்கு மட்டுமே உண்டு. உப்புவெளியில் இரவு பத்து மணிக்குத் தனியாக இறங்கும் வெளியூர்ப் பெண்ணுக்கு அது இல்லை. அவளுக்கு வண்டி இலக்கமும் சாரதி பெயரும் பாதையும் பதிவாகும் நிறுவனச் செயலிதான் ஓரளவு துணை. 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் வண்டியில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகுதான் அந்தச் செயலியில் அவசரப் பொத்தான் வந்தது. பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒருவர் இருக்கவேண்டும். திறந்த மூலச் செயலியைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பேசவேண்டியது இதைத்தான்.

லிப்ரேடாக்சி என்ற திறந்த மூலச் சேவை நிறுவனச் செயலிக்கு எதிர்முனை. டெலிகிராமில் இயங்கும், பயணியையும் சாரதியையும் சேர்த்து வைக்கும், விலையை அவர்களே பேசிக்கொள்வார்கள், காசைக் கையில் கொடுப்பார்கள். சாரதி யார் என்று எவரும் சோதிப்பதில்லை. வண்டியே கிடைக்காத குக்கிராமத்துக்கு அது உதவும். நான் என் அக்காவை அதில் ஏற்றமாட்டேன்.

சிறிய ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டிய சாரதியைச் செயலியிலிருந்து நீக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சங்கத் தலைவரின் மச்சானாக இருப்பார். கொழும்பில் இருக்கும் நிறுவனத்துக்கு அந்தத் தயக்கம் கிடையாது. ஆகவே நீக்கும் அதிகாரத்தைச் சாரதி அல்லாத ஒருவரிடம், ஓய்வுபெற்ற அதிபரிடமோ கிராம சேவகராக இருந்தவரிடமோ, முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

காப்புறுதி இதைவிடப் பெரிய விசயம். 2013ஆம் ஆண்டின் கடைசி இரவு, சான் பிரான்சிஸ்கோவில் பாதசாரிக் கடவையில் நடந்த 6 வயதுச் சிறுமி ஒரு வண்டி மோதி இறந்தாள். சாரதி ஊபர் செயலியைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் வண்டியில் பயணி இல்லை. பயணி இல்லாததால் தங்கள் காப்புறுதி பொருந்தாது என்றது நிறுவனம். தனிப்பட்ட காப்புறுதியோ கூலிக்கு ஓடுவதை ஏற்பதில்லை. அந்தச் சம்பவத்தின் சூட்டில்தான் கலிபோர்னியா 2014இல் சட்டம் போட்டது: செயலியைத் திறந்து காத்திருக்கும் நேரம், பயணியை ஏற்றப் போகும் நேரம், பயணியோடு ஓடும் நேரம் எல்லாவற்றுக்கும் காப்புறுதி இருக்கவேண்டும்.

நம் நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டி வீதியில் இறங்கமுடியாது. வருடா வருடம் வரிப்பத்திரம் எடுக்கவும் அது வேண்டும். அதனால் எல்லோரிடமும் ஓர் அட்டை இருக்கும். அதில் எழுதியிருப்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. அன்று வீட்டு வாசலில் தம்பியிடம் கேட்டேன். மீற்றருக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து நனைந்து மடிந்த அட்டையை எடுத்துத் தந்தார். போன் வெளிச்சத்தில் பார்த்தோம். பாவனை என்ற இடத்தில் ‘தனிப்பட்ட’ என்று இருந்தது. அவர் 3 வருடமாகக் கூலிக்கு ஓடுகிறார். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு கூலிக்கு ஓடி விபத்து நடந்தால், காசு கேட்டுப் போகும்போது மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். “வாடகைப் பாவனை எண்டா கட்டணம் கூடுமே அண்ணா” என்றார். கூடும்தான். பின்சீற்றில் பயணிகளை வைத்துக்கொண்டு கன்னியாவுக்கோ நிலாவெளிக்கோ ஓடுபவர் அந்த வித்தியாசத்தைக் கட்டியே ஆகவேண்டும். தைக்குப் பார்த்திருக்காமல் திங்கட்கிழமையே போகச் சொன்னேன்.

நிறுவனச் செயலியில் சேருபவர் அங்கே என்ன காப்புறுதி, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்று எழுத்தில் கேளுங்கள். சொந்தச் செயலி தொடங்கும் சங்கம், ஒவ்வொரு வண்டியின் வாடகைக் காப்புறுதி அட்டையையும் படமெடுத்து வைத்து, காலாவதியானால் வண்டியைத் தானாக நிறுத்தும்படி கோட்டில் எழுதலாம். திறந்த மூலத்தின் உண்மையான வசதி இதுதான். நம் தேவைக்கு நாமே மாற்றலாம்.

காசு விசயத்தில் அவ்வளவு பயம் வேண்டாம். நம்ம யாத்ரி பயணியின் காசைத் தன் கையில் வாங்குவதில்லை. அது நேரே சாரதிக்குப் போகிறது. இங்கும் அதுவே நல்லது. அடுத்தவர் காசை வாங்கி வைத்துப் பிறகு பிரித்துக் கொடுக்கத் தொடங்கினால் கணக்கு, வங்கி, சண்டை எல்லாம் கூடவே வரும். 2022இல் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டிப் பழகியவர்கள் நம் சாரதிகள். லங்கா கியூஆர் ஒட்டி வைத்தால் சில்லறைத் தொல்லையும் குறையும். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியப் பயணிகள் போனில் காசு கட்டும் தங்கள் யூபிஐ முறை மூலம் இலங்கையில் காசு கொடுக்கலாம். கோணேசர் கோயிலுக்கு வரும் தமிழ்நாட்டுக்காரருக்கு அது பெரிய உதவி. நேரடிக் கொடுப்பனவில் குறை ஒன்று உண்டு. பயணத்தை ரத்துச் செய்தவரிடமோ கூடக் கேட்ட சாரதியிடமோ பிடித்து வைக்க எதுவும் இருக்காது. கூலியை ஏறுமுன் திரையில் காட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

ஆகவே, லிங்கநகருக்குள்ளும் டவுனுக்கும் ஸ்டாண்ட் இலக்கம் போதும். தெரியாத ஊரில், தனியாக, இருட்டிய பிறகு என்றால் நிறுவனச் செயலி. அங்கே உண்மையில் வண்டி காட்டுகிறதா என்று பகலிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். தம்பியின் ஸ்டாண்ட் மட்டும் தனியாகச் செயலி செய்யவேண்டாம். ஒரு சந்தியில் நிற்கும் வண்டிகளுக்கு வட்ஸ்அப் குழுவே போதும். உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா, கிண்ணியா ஸ்டாண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால், இரவில் போன் எடுக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தால், அப்போது தொடங்கட்டும். கேரள அரசு 2022 ஓகஸ்டில் ‘கேரள சவாரி’ தொடங்கி 8 வீதம் மட்டுமே சேவைக் கட்டணம் வைத்தது. அரசே முன்னின்றும் அது நினைத்த வேகத்தில் ஓடவில்லை. பயணி திறக்கும்போது பக்கத்தில் வண்டி இல்லையென்றால் அடுத்த முறை அவர் திறக்கமாட்டார்.

நெஞ்சு வலி, விபத்து, பிரசவ வலி என்றால் இந்த மூன்றில் எதையும் தேடவேண்டாம். 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். உள்ளே முதலுதவி தெரிந்தவர் இருப்பார். சந்தியில் ஒருவரை டோர்ச்சோடு நிறுத்திவையுங்கள், ஒழுங்கைக்குள் திரும்புமிடம் இருட்டில் தெரியாது.