கேட்காத பொதி ஏன் வருகிறது?

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உபுண்டு இயங்கும் கணினி ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி, "டீச்சர், நாம எதுவும் புதுசா கேக்கலையே, நாலு புதுப் பொதி வருதுன்னு காட்டுதே?" என்றாள். "அது அப்படித்தாம்மா" என்று சொல்லி ஒய் விசையை அழுத்தினேன். மறுநாள் கணித வகுப்புக்கு வைத்திருந்த செயலி அந்தக் கணினியில் இல்லை. நீக்கப்படுபவை பட்டியலில் அதன் பெயர் இருந்திருக்கிறது; நான்தான் படிக்கவில்லை. அவள் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

சார்பு என்பது என்ன?

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக (பேக்கேஜ்) வருகின்றன. தான் இயங்க வேறு எந்தப் பொதிகள் தேவை என்பதை ஒவ்வொரு பொதியும் குறித்து வைத்திருக்கும். சத்துணவுக் கூடத்தில் இன்று சாம்பார் என்றால், சொல்லாமலே பருப்பும் புளியும் வந்தாக வேண்டும் அல்லவா? இதுவே சார்பு. உபுண்டுவில் இக்கணக்கைப் பார்ப்பது ஆப்ட் என்னும் நிரல். கட்டாயத் தேவைகளோடு, பரிந்துரைக்கப்படும் பொதிகளையும் அது இயல்பாகவே நிறுவும்.

அன்று வந்த நான்கும் கெர்னல் சார்ந்தவை. கெர்னல் பொதியின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். எனவே ஒவ்வொரு புதிய பதிப்பும் புதுப் பொதியாகவே தோன்றும்.

செயலி ஏன் போனது?

அதை வெளிக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தோம். அது சார்ந்திருந்த பழைய நூலகம், வந்த புதுப் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. 'ஆப்ட் அப்கிரேட்' கட்டளை புதியன சேர்க்கும், எதையும் நீக்காது. 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். நான் கொடுத்தது இரண்டாவது.

இனி நாம் செய்ய வேண்டியவை

1. நிறுவப்படுபவை, நீக்கப்படுபவை ஆகிய இரு பட்டியல்களையும் படித்த பிறகே சம்மதம் தருக. ஐயம் இருந்தால் என் விசையை அழுத்துக.
2. கட்டளையுடன் 'மைனஸ் எஸ்' சேர்த்தால் ஒத்திகை மட்டுமே நடக்கும், எதுவும் மாறாது.
3. ஒரு பொதி ஏன் தேவை என அறிய, ஆப்டிடியூட் நிரலை நிறுவி 'ஆப்டிடியூட் வொய்' என்பதுடன் பொதியின் பெயரைத் தருக.
4. முதலில் ஒரே ஒரு கணினியில் புதுப்பித்துப் பார்க்க. தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டாம்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் புதுப்பிக்கும் முன் அந்த மாணவிதான் இரு பட்டியல்களையும் உரக்க வாசிக்கிறாள். அவள் வாசித்து முடிக்கும்வரை என் கை விசைப்பலகைக்குப் போவதில்லை.